யூரின் இன்ஃபெக்ஷனுக்கு சல்ஃபா மாத்திரை போடலாமா, இல்ல வேற மருந்து கேக்கலாமா?

நீர்க்கடுப்பு, எரிச்சல், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பாத்ரூம் ஓட்டம்னு டாக்டர்கிட்ட போனா சீட்டுல பெரும்பாலும் நாலு மருந்துல ஏதோ ஒண்ணுதான் வரும். கோ-ட்ரைமாக்ஸசோல், அதாவது பாக்ட்ரிம், செப்ட்ரான்னு பேர்ல கிடைக்கிற சல்ஃபா மாத்திரை. நைட்ரோஃபியூரான்டாயின். தண்ணில கலக்கிக் குடிக்கிற ஃபாஸ்ஃபோமைசின் பவுடர். இல்லன்னா சிப்ரோஃப்ளாக்ஸசின் மாதிரி ஒரு குயினலோன். இதுல சல்ஃபாவைத்தான் ஆளாளுக்கு பயமுறுத்துவாங்க, தோல் உரிஞ்சுடும், கிட்னி போயிடும்னு. இன்னொரு பக்கம் "நாங்கல்லாம் அந்தக் காலத்துல இருந்து போடுறோம், ஒண்ணும் ஆகல"ன்னு ஒரு கூட்டம். ரெண்டு பக்கமும் பொய் சொல்லல. அதே மாத்திரை ஒருத்தருக்கு மூணு நாள்ல வேலையை முடிச்சுட்டு போயிடும், இன்னொருத்தரை ஐசியூ வரைக்கும் கொண்டு போயிடும், ஆனா யாரு எந்தப் பக்கம்னு பல நேரம் மொத மாத்திரை போடுறதுக்கு முன்னாடியே கணிச்சுடலாம், நம்ம மருந்து டப்பாவுல வேற என்னென்ன இருக்குன்னு பாத்தாலே போதும்.

மாத்திரைக்குள்ள என்ன இருக்குன்னு மொதல்ல பாத்துடுவோம், பக்க விளைவுல பாதி அங்கேயே புரிஞ்சுடும். உள்ள ரெண்டு மருந்து, சல்ஃபமெத்தாக்ஸசோல் அஞ்சு பங்கு, ட்ரைமெத்தோப்ரிம் ஒரு பங்கு. டபுள் ஸ்ட்ரென்த்னு சொல்றதுல 800 மில்லிகிராமும் 160 மில்லிகிராமும். பாக்டீரியா தனக்கு வேண்டிய ஃபோலேட்டை (ஒரு பி வைட்டமின்) தானே தயாரிச்சுக்கணும், அந்தத் தயாரிப்புல ஒரு கட்டத்தை சல்ஃபா அடைக்குது, அடுத்த கட்டத்தை ட்ரைமெத்தோப்ரிம் அடைக்குது. நமக்கு ஃபோலேட் சாப்பாட்டுல இருந்தே வர்றதால அந்த அடி நம்ம மேல அவ்வளவா விழாது. இதுல பலரும் கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு: அலர்ஜி, தோல் பிரச்சினை எல்லாம் பெரும்பாலும் சல்ஃபா பங்கோட கைவரிசை, ரத்தத்துல பொட்டாசியம் ஏறுறது ட்ரைமெத்தோப்ரிம் பங்கோட கைவரிசை. அதனால "எனக்கு சல்ஃபா அலர்ஜி இல்ல, தைரியமா போடலாம்"னு நினைக்கிறது பாதிக் கணக்குதான்.

சின்ன தொல்லைகளை வேகமா சொல்லிடறேன். குமட்டல், வாந்தி, பசி எடுக்காம போறது, இதுதான் அதிகம் வர்றது, சாப்பாட்டோட போட்டா கொஞ்சம் குறையும். வெயில்ல தோல் சீக்கிரம் சிவக்கும். தண்ணி நிறைய குடிக்கச் சொல்றது சம்பிரதாயத்துக்கு இல்ல, சல்ஃபா மூத்திரத்துல படிகமா படிய வாய்ப்பு இருக்கு, அதுக்குத்தான். மாத்திரை போடுற நாட்கள்ல ரத்தப் பரிசோதனை பண்ணா கிரியாட்டினின், அதாவது கிட்னி எப்படி ஓடுதுன்னு காட்டுற கழிவோட அளவு, லேசா ஏறி இருக்கலாம், கிட்னி கெட்டுப்போகாமலே கூட அப்படி ஏறும், ஏன்னா கிரியாட்டினினை கிட்னி வெளியேத்துற ஒரு வழியை ட்ரைமெத்தோப்ரிம் அடைக்குது, நிறுத்தினதும் இறங்கிடும். ஆனா நிஜமாவே கிட்னி பாதிக்கப்படுறதும் உண்டுங்கிறதால எது எதுன்னு நாமளே முடிவு பண்ணக்கூடாது.

இப்போ தோலுக்கு வருவோம், எல்லாரும் பயப்படுறது இங்கதான். சாதாரண ராஷ் நூறு பேர்ல மூணு பேருக்கு வரலாம்னு சொல்றாங்க, எச்ஐவி இருக்கிறவங்களுக்கு அதை விட பல மடங்கு அதிகம். மாத்திரை ஆரம்பிச்சு ஒரு வாரம், பத்து நாள் கழிச்சுதான் பெரும்பாலும் வரும், அதனால மூணு நாள் கோர்ஸ் முடிச்சு மாத்திரையையே மறந்துட்டவங்களுக்குக் கூட வரும், "என்னத்தையோ சாப்பிட்டேன் ஒத்துக்கல"ன்னு விட்டுடுவாங்க. நெஞ்சுலயும் முதுகுலயும் சின்னச் சின்ன சிவப்புப் புள்ளி, அரிப்பு, காய்ச்சல் இல்ல, வாய் கண்ணு எல்லாம் சுத்தமா இருக்கு, இப்படின்னா மாத்திரையை நிறுத்திட்டு டாக்டர்கிட்ட சொன்னா பெரும்பாலும் தானா அடங்கிடும். உடனே ஓட வேண்டியது எப்போன்னா, தோல் அரிக்கிறதை விட எரியுது வலிக்குதுன்னு இருக்கும்போது, காய்ச்சல் வந்து தொண்டை வலிச்சு கண்ணு சிவந்து, உதட்டுலயும் வாய்க்குள்ளயும் புண்ணு வரும்போது, புள்ளியோட நடுவுல கருஞ்சிவப்பா மாறி கொப்புளம் கிளம்பும்போது, விரலால லேசா தேய்ச்சாலே மேல்தோல் நழுவும்போது. இதுதான் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் சிண்ட்ரோம். உடம்புல பத்துல ஒரு பங்குக்குக் கீழ தோல் உரிஞ்சா அந்தப் பேரு, பத்துல மூணு பங்குக்கு மேல போனா டாக்ஸிக் எபிடெர்மல் நெக்ரோலிசிஸ்னு பேரு, அந்தக் கட்டத்துல ஏறக்குறைய மூணு பேர்ல ஒருத்தர் பிழைக்கிறதில்ல. எல்லா மருந்தையும் சேத்தாலும் வருஷத்துக்கு பத்து லட்சம் பேர்ல ஒரு சிலருக்குத்தான் இது வருது, ரொம்ப அபூர்வம்தான், ஆனா இதை உண்டாக்குற மருந்துகள் பட்டியல்ல சல்ஃபா மேல் வரிசையில இருக்கு, அலோப்யூரினால், கார்பமசெபின், ஃபெனிடாயின் கூட. பொதுவா ஆரம்பிச்ச நாலாவது நாள்ல இருந்து நாலு வாரத்துக்குள்ள. முகம் வீங்கி, நெறிகட்டி, காய்ச்சலோட வர்ற இன்னொரு வகை ரியாக்ஷன் ஈரலையும் தாக்கும், அது இதை விடவும் லேட்டா கிளம்பும்.

என்னைக் கேட்டா தோலை விட அதிகமா கவலைப்பட வேண்டியது பொட்டாசியத்தைப் பத்தித்தான், ஏன்னா அது கண்ணுக்குத் தெரியாது, அரிக்காது, எரியாது. கிட்னி பொட்டாசியத்தை மூத்திரத்துல தள்ளுற கடைசி வாசல்ல ட்ரைமெத்தோப்ரிம் போய் உக்காந்துக்குது, அமிலோரைடுன்னு ஒரு நீர்மாத்திரை இருக்கே, அது பண்ற அதே வேலை. இளவயசு, கிட்னி நல்லா இருக்குன்னா உடம்பு சமாளிச்சுக்கும். இப்போ ஒரு சீட்டை நினைச்சுப் பாருங்க, எழுபது வயசுக்கு மேல ஒரு அம்மா, பிபிக்கு டெல்மிசார்ட்டன், ஹார்ட்டுக்கு ஸ்பைரோனோலாக்டோன், சுகர் இருக்கு, கிட்னி கொஞ்சம் மந்தம், இப்போ யூரின் இன்ஃபெக்ஷன்னு சல்ஃபா சேருது. டெல்மிசார்ட்டனும் பொட்டாசியத்தைத் தேக்கும், ஸ்பைரோனோலாக்டோனும் தேக்கும், மூணாவதா இதுவும் தேக்குது, நாலஞ்சு நாள்ல அளவு ஏறிடும், உடம்பு கொஞ்சம் அசதியா இருக்கு, கால் தளருதுன்னு சொல்வாங்க, இன்ஃபெக்ஷன் அசதின்னு வீட்ல விட்டுடுவாங்க, கடைசில இதயத் துடிப்பு தாறுமாறாகும்போதுதான் தெரியும். கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல 66 வயசும் அதுக்கு மேலயும் உள்ள, இந்த வகை பிபி மருந்து எடுக்கிறவங்களைப் பத்தி ஒரு ஆய்வு 2014ல வந்துச்சு, அமாக்ஸிசிலின்னு வேற ஒரு ஆன்டிபயாட்டிக் எடுத்தவங்களோட ஒப்பிட்டா கோ-ட்ரைமாக்ஸசோல் எடுத்தவங்கள்ல திடீர் மரணம் அதிகமா இருந்துச்சு. எனாலாப்ரில், ராமிப்ரில்னு 'ப்ரில்'ல முடியுற மாத்திரைகள், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன்னு 'சார்ட்டன்'ல முடியுற மாத்திரைகள், ஸ்பைரோனோலாக்டோன், இதுல ஒண்ணு ஓடிக்கிட்டிருந்தாலும் வயசானவங்களுக்கு வேற மருந்து கேக்குறதுதான் நல்லது. வேற வழியே இல்லன்னா நாலாவது அஞ்சாவது நாள் ரத்தத்துல பொட்டாசியம் பாத்துடணும்.

கூட சேரக்கூடாத மத்த மருந்துகளும் இருக்கு. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் எடுக்கிறவங்களுக்கு சல்ஃபா சேந்தா ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டுற அளவு, எகிறும், ரத்தக்கசிவு வரைக்கும் போகும். மூட்டுவாதத்துக்கோ சொரியாசிஸுக்கோ மெத்தோட்ரெக்சேட் எடுத்தா இதைத் தொடவே கூடாதுன்னு நான் நேராவே சொல்லுவேன், ரெண்டுமே ஃபோலேட்டைத்தான் தாக்குது, அது மட்டுமில்லாம மெத்தோட்ரெக்சேட் உடம்பை விட்டு வெளியேறுறதையும் இது தடுக்குது, எலும்பு மஜ்ஜை சுருண்டு ரத்த அணுக்கள் எல்லாமே ஒண்ணா கீழ போய் உயிர் போன கதைகள் மருத்துவ இதழ்கள்ல பதிவாகி இருக்கு. சுகருக்கு கிளிபென்கிளமைடு, கிளிபிசைடு மாதிரி மாத்திரை எடுக்கிறவங்களுக்கு சுகர் திடீர்னு தாழ்ந்துடலாம். வலிப்புக்கு ஃபெனிடாயின் எடுத்தா அதோட அளவு ரத்தத்துல ஏறும்.

கர்ப்பத்துல மொத மூணு மாசம் இதைத் தவிர்ப்பாங்க, ஃபோலேட்டைத் தடுக்கிற மருந்து, குழந்தையோட நரம்புக்குழாய், அதாவது மூளையும் தண்டுவடமும் ஆகப்போற பகுதி, உருவாகுற நேரம் அது. பிரசவம் நெருங்குறப்பவும் வேண்டாம், ரத்தத்துல புரதத்தோட ஒட்டி இருக்கிற பிலிருபினை (மஞ்சள்காமாலையில ஏறுற மஞ்சள் நிறமி) சல்ஃபா தள்ளி விட்டுடும், அது குழந்தையோட மூளையில போய் படியலாம், அதே காரணத்துக்காகத்தான் ரெண்டு மாசத்துக்குக் குறைஞ்ச குழந்தைக்கும் கொடுக்கிறதில்ல. ஜி6பிடிங்கிற, சிவப்பணுவைக் காக்கிற என்சைம் குறைபாடு இருக்கிறவங்களுக்கு சிவப்பணு உடையலாம்னு எச்சரிக்கை இருக்கு, ஆனா இந்த இடத்துல நைட்ரோஃபியூரான்டாயினுக்குத் தாவுறதுல லாபம் இல்ல, அதுக்கும் அதே எச்சரிக்கைதான்.

"எனக்கு சல்ஃபா அலர்ஜி"ன்னு சொல்றவங்க நிறைய பேரு. கொஞ்சம் தோண்டிக் கேட்டா சின்ன வயசுல ஏதோ மாத்திரை போட்டப்போ உடம்பு தடிச்சுதுன்னு அம்மா சொன்னாங்கன்னு வரும், இல்ல வயித்தைப் பிரட்டிச்சுன்னு வரும். குமட்டல் அலர்ஜியே கிடையாது. இன்னொரு குழப்பம் பேருல. கந்தகம், மருந்துகள்ல வர்ற சல்ஃபேட், உணவைக் கெடாம வைக்கிற சல்ஃபைட், இதுக்கெல்லாம் சல்ஃபா அலர்ஜியோட சம்பந்தமே இல்ல. ஃப்யூரோசமைடு, ஹைட்ரோகுளோரோதயாசைடு, செலிகாக்சிப் எல்லாம் வேதியியல்ல சல்ஃபோனமைடு குடும்பம்தான், ஆனா ஆன்டிபயாட்டிக்குல அலர்ஜியைக் கிளப்புற அந்தப் பகுதி இதுகள்ல இல்ல. 2003ல வந்த ஒரு பெரிய ஆய்வுல சல்ஃபா ஆன்டிபயாட்டிக் அலர்ஜி இருந்தவங்களுக்கு இந்த மாதிரி மருந்துகளை விட பென்சிலின்லதான் அதிக ரியாக்ஷன் வந்துச்சு, அதாவது அவங்க உடம்பே அலர்ஜி உடம்பு. அதனால சல்ஃபா அலர்ஜின்னு சொல்லி நீர்மாத்திரையை நிறுத்துறது தேவையில்லாத வேலை. நிஜமாவே தவிர்க்க வேண்டியது சல்ஃபாசலசைன் மாத்திரை, தீப்புண்ணுக்குத் தடவுற சில்வர் சல்ஃபாடயசின் கிரீம், சல்ஃபாசெட்டமைடு கண் சொட்டு. பழைய ரியாக்ஷன் லேசானதா இருந்து அஞ்சு வருஷத்துக்கு மேல ஆகி இருந்தா அலர்ஜி டாக்டர் தன் முன்னாடியே ஒரு டோஸ் கொடுத்துப் பாத்து அந்த முத்திரையை எடுத்து விடலாம். கொப்புளம், வாய்ப்புண், ஈரல் பாதிப்புன்னு வந்தவங்களுக்கு இந்தச் சோதனை கிடையாது, அவங்களுக்கு வாழ்நாளுக்கும் சல்ஃபா ஆன்டிபயாட்டிக் வேண்டாம்.

இவ்வளவு சொல்லிட்டு சல்ஃபாவை ஏன் இன்னும் எழுதுறாங்கன்னு கேட்டா, கிருமி அடங்குற இடத்துல அது நல்லாவே வேலை செய்யுது. பெண்களோட சாதாரண சிறுநீர்ப்பை இன்ஃபெக்ஷனுக்கு வேளைக்கு ஒண்ணா ரெண்டு வேளை, மூணே நாள். சிக்கல் அந்த 'அடங்குற இடத்துல'ங்கிறதுலதான் இருக்கு. சல்ஃபா பென்சிலின் புழக்கத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே வந்த மருந்து, ஜெர்மனியில கெர்ஹார்ட் டோமாக் 1932ல பிரான்டோசில் சாயத்துல கண்டுபிடிச்சாரு, 1939ல நோபல் பரிசு. இத்தனை காலமா பாத்துப் பாத்து, யூரின் இன்ஃபெக்ஷனை பெரும்பாலும் உண்டாக்குற ஈ.கோலை கிருமிக்கு இது பழகிப் போச்சு. ஒரு ஊர்ல நூத்துக்கு இருபது கிருமிக்கு மேல இதுக்கு மசியலன்னா கல்ச்சர் (மூத்திரத்துல இருக்கிற கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்குதுன்னு பாக்குற சோதனை) பாக்காம எழுதாதீங்கன்னு 2010ல அமெரிக்க தொற்றுநோய் சங்கம் சொல்லிடுச்சு. கல்ச்சர் ரிப்போர்ட் கையில இருந்து அதுல சல்ஃபாவுக்கு நேரா 'எஸ்'னு, அதாவது கிருமி அடங்கும்னு, போட்டிருந்தா கதை வேற, தைரியமா யோசிக்கலாம். சமீபத்துல இதே மாத்திரை ஒரு கோர்ஸ் எடுத்திருந்தா மறுபடி இது வேலை செய்யாம போக வாய்ப்பு அதிகம், அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

இப்போ மாற்று மருந்துகள். சாதாரண சிறுநீர்ப்பை இன்ஃபெக்ஷனுக்கு நான் மொத இடத்துல வெக்கிறது நைட்ரோஃபியூரான்டாயினைத்தான். 100 மில்லிகிராம் ரெண்டு வேளை, அஞ்சு நாள், சாப்பாட்டோட. எத்தனையோ வருஷமா இருந்தும் ஈ.கோலைக்கு இது இன்னும் பெருசா பழகல. பொட்டாசியத் தொல்லை இல்ல, வார்ஃபரினோட பெரிய தகராறு இல்ல. மூத்திரம் அடர் மஞ்சளா, பழுப்பா போகும், பயப்பட வேண்டாம். இதோட குறை என்னன்னா மூத்திரத்துலதான் சேருது, ரத்தத்துலயும் கிட்னி திசுவுலயும் போதுமான அளவு தங்காது, அதனால குளிர் காய்ச்சல், விலா வலின்னு கிட்னி வரைக்கும் ஏறிட்டா இது உதவாது. கிட்னி ரொம்ப மந்தமா இருந்தாலும் மூத்திரத்துக்கே போய்ச் சேராது, உடம்புலதான் தேங்கும். கல் இருக்கிறவங்கள்ல அடிக்கடி வர்ற ப்ரோட்டியஸ் கிருமிகிட்ட இயல்பாவே எடுபடாது. சில நாள்லயே இருமல், மூச்சுத் திணறல், காய்ச்சல்னு நுரையீரல் ரியாக்ஷன் வரலாம், அபூர்வம்தான். மாசக்கணக்கா தடுப்புக்குன்னு எடுக்கிறவங்களுக்கு நுரையீரல் தழும்பாகிறது, கை கால் மரத்துப் போறது, ஈரல் பாதிப்புன்னு வேற கணக்கு, அஞ்சு நாள் கோர்ஸுக்கு அந்தப் பயத்தை இழுத்துக்க வேண்டாம். பிரசவ நேரத்துல இதுவும் வேண்டாம்.

ஃபாஸ்ஃபோமைசின் சோம்பேறிகளுக்கு வரம், 3 கிராம் பாக்கெட் ஒண்ணு, தண்ணில கலக்கி ஒரே தடவை, முடிஞ்சது. மத்த மருந்துகளோட சண்டை ரொம்பக் குறைவு, வயித்துப்போக்குதான் முக்கியத் தொல்லை. ஆனா ஒரே டோஸ்ல எல்லாம் சரியாகிடும்னு நம்பி மறுநாளே எரிச்சல் இருக்கேன்னு பதறக்கூடாது, ரெண்டு மூணு நாள் ஆகும். 2018ல வந்த ஒரு நேரடி ஒப்பீட்டுல நைட்ரோஃபியூரான்டாயின் எடுத்தவங்கள்ல 70 சதவீதம் பேருக்கும் ஃபாஸ்ஃபோமைசின் எடுத்தவங்கள்ல 58 சதவீதம் பேருக்கும் முழுசா குணம் தெரிஞ்சுது, அதனால எனக்கு இது ரெண்டாவது இடம்தான். பத்து மருந்து ஓடுற வயசானவங்களுக்கு மட்டும் மொத இடம் கொடுக்கலாம். இதுவும் கிட்னிக்கு ஏறின இன்ஃபெக்ஷனுக்கு ஆகாது.

சிப்ரோ, லீவோன்னு (சிப்ரோஃப்ளாக்ஸசின், லீவோஃப்ளாக்ஸசின்) குயினலோன் வகையறா வேலை செய்யும்கிறதுல சந்தேகம் இல்ல, கிட்னி, ப்ரோஸ்டேட் (ஆம்பளைங்களுக்கு சிறுநீர்ப்பைக்குக் கீழ இருக்கிற சுரப்பி) வரைக்கும் நல்லா ஊடுருவும். ஆனா சல்ஃபாவுக்குப் பயந்து இதுக்குத் தாவுறது வாணலிக்குத் தப்பி அடுப்புல விழுந்த கதை. குதிகால் தசைநார் அறுந்து போறது, அதுவும் அறுபதுக்கு மேல ஆனவங்க, ஸ்டீராய்டு எடுக்கிறவங்களுக்கு, நரம்பு எரிச்சல், மனக்குழப்பம், சுகர் ஏறி இறங்குறது, பெருந்தமனி வீங்கி இருக்கிறவங்களுக்கு அது கிழியுற ஆபத்துன்னு பட்டியல் நீளம். வேற மருந்து இருக்கும்போது சாதாரண யூரின் இன்ஃபெக்ஷனுக்கு இதை எழுதாதீங்கன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016லயே சொல்லியாச்சு. இன்னமும் மொத மருந்தா இதை எழுதுற பழக்கம் ஏன் போகலன்னு எனக்குப் புரியவே இல்ல.

அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட், செஃபலெக்சின் எல்லாம் நடுவுல நிக்கிற ஆட்கள். சிறுநீர்ப்பை இன்ஃபெக்ஷனுக்கு மேல சொன்னதை விட கொஞ்சம் மட்டு, வயித்துப்போக்கு அதிகம், ஆனா கர்ப்பிணிகளுக்கு டாக்டர்கள் பழகின, நம்புற மருந்து.

அப்போ யாருக்கு எது? இளவயசுப் பெண், காய்ச்சல் இல்ல, வேற மருந்து இல்ல, கர்ப்பம் இல்லன்னா நைட்ரோஃபியூரான்டாயின் மொதல்ல, கல்ச்சர்ல 'எஸ்'னு இருந்தா சல்ஃபா மூணு நாள் அதுக்குச் சமமான தேர்வுதான், பயப்பட ஒண்ணும் இல்ல. பிபிக்கு 'ப்ரில்', 'சார்ட்டன்' எடுக்கிற பெரியவங்களுக்கு கிட்னி ஓரளவு ஓடுதுன்னா நைட்ரோஃபியூரான்டாயின், ஓடலன்னா ஃபாஸ்ஃபோமைசின், சல்ஃபா கடைசில. ஆம்பளைங்களுக்கு ப்ரோஸ்டேட்டும் கூட்டு சேர வாய்ப்பு இருக்கிறதால அங்க சல்ஃபாவோட மதிப்பு ஏறுது, ஏழு நாள் கோர்ஸ், திசுவுக்குள்ள நல்லாப் போகும், குயினலோனுக்கு முன்னாடி இதை யோசிக்கணும்னுதான் என் கட்சி. குளிர் காய்ச்சல், விலா வலி, வாந்தி இருந்தா இந்த ஒப்பீட்டை எல்லாம் மூடி வெச்சுட்டு நேரா ஆஸ்பத்திரி, கல்ச்சர் எடுத்துட்டு பலமான மருந்து.

மாற்றே சரியா இல்லாத இடமும் உண்டு. எச்ஐவி, உறுப்பு மாற்று சிகிச்சைன்னு எதிர்ப்பு சக்தி விழுந்தவங்களுக்கு வர்ற நியூமோசிஸ்டிஸ் நிமோனியாவுக்கு சல்ஃபாதான் மொத மருந்து, டாப்சோன், அட்டோவகோன், பென்டமிடின் எல்லாம் அதுக்கு ஒரு படி கீழதான். அங்க லேசான ராஷ்க்காக மருந்தை மாத்தாம, துளித்துளியா அளவைக் கூட்டி உடம்பைப் பழக்குற முறை கூட உண்டு, ஆஸ்பத்திரி கண்காணிப்புல.

போட ஆரம்பிச்ச பிறகு ஏதாவது வந்தா ஒரு வேலை மட்டும் மறக்காம பண்ணுங்க. மாத்திரை அட்டையையும் தோலையும் போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கங்க, எந்தத் தேதி ஆரம்பிச்சு எந்தத் தேதி வந்துச்சு, வாய்ப்புண், கொப்புளம், காய்ச்சல் இருந்துச்சா இல்லையா, கூட வேற என்ன மருந்து ஓடிச்சுன்னு நாலு வரி எழுதி வெச்சுக்கங்க. அடுத்த தடவை வேற ஒரு டாக்டர் "சல்ஃபா அலர்ஜியா, என்ன ஆச்சு?"ன்னு கேக்கும்போது இந்த நாலு வரியை வெச்சுதான் அந்த மருந்தை இனிமே தொடவே கூடாதா, இல்ல தேவைப்பட்டா மறுபடி போடலாமான்னு அவரால முடிவு பண்ண முடியும்.